கைரேகைக்கு வயசு கணிக்கறது எப்படி: லேப்ல படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

ஒரு கைரேகை யாரோடதுன்னு சொல்றதுக்கு முறை இருக்கு. எப்ப பதிஞ்சதுன்னு கேட்டாத்தான் எல்லாரும் திணறுவாங்க. "போன மாசம் ஃபேன் ரிப்பேர் பண்ண அந்த வீட்டுக்கு வந்தேன் சார், அப்ப பட்ட ரேகையா இருக்கும்"னு ஒருத்தர் சொன்னா, அது உண்மையா பொய்யான்னு பார்க்க ரேகையில மிச்சமிருக்கற எண்ணெய்ப் பசையோட கெமிஸ்ட்ரியைத்தான் பார்க்கணும். ஜிசி-எம்எஸ் மெஷின் (கலவையைப் பிரிச்சு ஒவ்வொரு பொருளையும் அதோட நிறையை வச்சு அடையாளம் காட்டற கருவி) கைக்கு எட்டற எம்.எஸ்சி, பிஎச்.டி பசங்களுக்காக இதை எழுதறேன். வர்றவங்க எல்லாரும் நேரா மெஷின்கிட்ட போயிடறாங்க, ஆனா இந்த வேலையோட பாதி மெஷினைத் தொடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், அதனால இங்க இருக்கற வரிசையை மாத்தாம போங்க.

1. முதல்ல கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதுங்க

"இந்த ரேகைக்கு எத்தனை நாள் வயசு?"ங்கறது பதில் சொல்ல முடியாத கேள்வி. "நேத்து ராத்திரி பதிஞ்சதா, இல்ல மூணு வாரம் முன்னாடி பதிஞ்சதா?"ங்கறது ஓரளவு பதில் சொல்லக்கூடிய கேள்வி. ரெண்டு கூற்று இருக்கு, கிடைச்ச டேட்டா எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு சாயுது, அவ்வளவுதான் நம்ம வேலை.

இதை முதல்லயே எழுதச் சொல்றதுக்குக் காரணம், எந்தெந்த நாள்ல சாம்பிள் எடுக்கணும்ங்கறது இதுலதான் முடிவாகுது. மணிக்கணக்கைப் பிரிக்கணும்னா ஒரு கெமிக்கல், வாரக்கணக்கைப் பிரிக்கணும்னா வேற கெமிக்கல்.

2. எதை அளக்கப் போறோம்னு புரிஞ்சுக்கோங்க

விரல் நுனியில எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. அங்க இருக்கறது வியர்வைச் சுரப்பி மட்டும்தான், அந்த வியர்வையில 98 சதவீதத்துக்கு மேல தண்ணி, மிச்சம் உப்பு, லாக்டேட், யூரியா, அமினோ அமிலம். எண்ணெய் எங்கிருந்து வருதுன்னா நாம முகத்தையும் தலையையும் தொட்டுத் தொட்டு விரலுக்குக் கொண்டு வர்றதுதான். இந்த ஒரு விஷயம் மனசுல நின்னா பின்னாடி வர்ற பாதிக் குழப்பம் தானா தெளிஞ்சிடும்: ஒரே ஆளோட ரெண்டு ரேகை, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, தொடக்கத்துலயே வேற வேறயா இருக்கும்.

முகத்து எண்ணெயில ட்ரைகிளிசரைடு, கொழுப்பு அமிலம், மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் இருக்கு. ஸ்குவாலீன் சுமார் 12 சதவீதம். அதோட மூலக்கூறுல ஆறு இரட்டைப் பிணைப்பு இருக்கறதால காத்துல இருக்கற ஓசோனும் வெளிச்சமும் அதை ரொம்ப வேகமா சிதைக்கும், தீபாவளிப் பலகாரம் நாளாக நாளாக காறிப்போற மாதிரியே. கொலஸ்ட்ராலும் ஆக்சிஜனேற்றம் அடையத்தான் செய்யும், ஆனா ரொம்ப மெதுவா. வேகமா போறதை மெதுவா போறதால வகுத்தா ஒரு விகிதம் கிடைக்குது, நாளாக ஆக அது குறையுது. ஸ்குவாலீன்/கொலஸ்ட்ரால் விகிதம்தான் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நல்ல இடம்.

வேற வழியும் இருக்கு. அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி குழு மால்டி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில (லேசர் அடிச்சு மூலக்கூறோட நிறையை அளக்கற முறை) ட்ரைகிளிசரைடைப் பார்த்தாங்க, இரட்டைப் பிணைப்பு உள்ளது ஓசோனால வெட்டுப்பட்டு குறையறதை வச்சு கணக்கு. அதே நாட்டு அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட்ல வேற கோணம்: பால்மிட்டிக் அமிலம் ரேகையோட மேட்டுல இருந்து பள்ளத்துக்கு மெல்ல பரவறதை படமா எடுத்து அளந்தாங்க, அது சில நாள் வரைக்கும்தான் உதவும். ரெண்டுக்கும் பெரிய மெஷின் வேணும். ட்ரைகிளிசரைடு சாதாரண ஜிசி செட்டப்ல வெளியவே வராது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க.

3. முன்கூட்டியே தயாரா இருக்க வேண்டியது

டோனர்கிட்ட (ரேகை பதிச்சுக் கொடுக்கறவர்) கை வைக்கறதுக்கு முன்னாடி எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் எழுத்துப்பூர்வ சம்மதமும் வாங்கிடுங்க. கைரேகை பயோமெட்ரிக் டேட்டா, பேர் ஒரு நோட்டுல, கோட் நம்பர் இன்னொரு நோட்டுல இருக்கட்டும், ரேகைப் படத்தோட பேரை சேர்த்து சேமிக்கவே கூடாது.

சாமான்ல முக்கியம் கண்ணாடி. கவர் ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு), வயல் (சின்னக் குப்பி), பிப்பெட் எல்லாம் கண்ணாடியா இருக்கணும், டைகுளோரோமீத்தேன்ங்கற சால்வன்ட்ல ரெண்டு தடவை அலசிக் காய வச்சிருக்கணும். பிளாஸ்டிக் பட்டா அதுல சேர்க்கற தாலேட்டும் எருகமைடும் கரைஞ்சு வந்து மெஷின் வரையற கோட்டுல பீக் பீக்கா (மேடு மேடா) நிக்கும், நிறை 149-ல ஒரு பெரிய பீக் பார்த்தா அது ரேகை இல்ல, உங்க டப்பா. இன்னொண்ணு, டைகுளோரோமீத்தேன் நைட்ரைல் க்ளவுஸை சில நிமிஷத்துல ஊடுருவிடும், அது உங்களுக்கும் கெடுதல் சாம்பிளுக்கும் கெடுதல். ஃபியூம் ஹூட்ல மட்டும் வேலை செய்ங்க, க்ளவுஸ்ல பட்டா உடனே மாத்துங்க.

இன்டர்னல் ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க நாமே அளந்து சேர்க்கற பொருள்) டியூட்டீரியம் போட்ட கொலஸ்ட்ரால் நல்லது. விலை கம்மின்னு ஸ்குவாலேனை வாங்கறாங்க, பேர் ஒத்துப் போறதால பொருத்தமா தெரியும், ஆனா முகத்துல போடற எத்தனையோ க்ரீம்ல ஸ்குவாலேன் இருக்கு, டோனர் விரல்ல இருந்தே வந்துடும். அப்புறம் நீங்க ஊத்தினது எவ்வளவு, அவர் பூசினது எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது.

வெப்பம், ஈரப்பதம் பதியற டேட்டா லாகர் ஒண்ணு, வெளிச்சம் அளக்க ஒரு லக்ஸ் மீட்டர், முடிஞ்சா ஒரு ஓசோன் சென்சர். இதை வாங்காம ஆரம்பிக்கறதுக்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம், ஏன்னு ஆறாவது படியில சொல்றேன்.

4. டோனரைத் தேர்ந்தெடுக்கறதும் அவங்க டைரியும்

உங்க ரூம்மேட் மூணு பேரை வச்சு முடிச்சிடாதீங்க. ஆண், பெண், வேற வேற வயசு, எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம் எல்லாம் வேணும். குழந்தைங்களோட ரேகையில சீக்கிரம் ஆவியாகற சின்னக் கொழுப்பு அமிலம் அதிகம், அதனால பெரியவங்களை வச்சு போட்ட கணக்கை குழந்தைங்களுக்குப் பொருத்தவே கூடாது.

ஒவ்வொரு தடவையும் டோனர் ஒரு சின்ன டைரி நிரப்பணும்: கடைசியா எப்ப கை கழுவினாங்க, என்ன சாப்பிட்டாங்க, தலைக்கு என்ன தடவினாங்க, முகத்துக்கு என்ன போட்டாங்க, சானிடைசர் யூஸ் பண்ணாங்களா. வெளிநாட்டுப் பேப்பர்ல இருக்கற ஃபார்மை அப்படியே காப்பி அடிச்சா நம்ம ஊர்ல வேலைக்கு ஆகாது, அதுல தலைக்கு வைக்கற எண்ணெய்க்கு தனியா கட்டமே இருக்காது. நம்ம ஊர்ல தேங்காய் எண்ணெய்தான் முதல் வில்லன். அதுல பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், தலையைக் கோதின விரல்ல அது அள்ளிக்கிட்டு வரும். இரட்டைப் பிணைப்பு இல்லாததால ஓசோனுக்கு அது அசையாது, கொழுப்பு அமில விகிதத்தை வச்சுக் கணக்குப் போடறவங்களுக்கு மொத்தமும் தப்பாயிடும். நல்லெண்ணெய்ல ஓலிக், லினோலியிக் அமிலம் இருக்கு, அது எதிர்ப் பக்கமா இழுக்கும். நெய் தொட்டு சாப்பிட்டா கொலஸ்ட்ரால் கூடும், அப்ப விகிதம் குறைஞ்சு புது ரேகை பழைய ரேகை மாதிரி காட்டும். ஆலிவ் ஆயில் தடவினவங்களுக்கு ஸ்குவாலீனே வெளியிலிருந்து வரும், அங்க பழசு புதுசு மாதிரி காட்டும்.

அப்ப எண்ணெய் வைக்கறவங்களை விலக்கிடலாமான்னு கேட்பீங்க. கூடாது. கேஸ்ல வர்ற ஆளுங்க எண்ணெய் வச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. சேர்த்துக்கோங்க, ஆனா குறிச்சு வைங்க. குரோமட்டோகிராம்ல (மெஷின் வரையற பீக் படம்) சிட்டோஸ்டெரால் தெரிஞ்சா தாவர எண்ணெய் ஏதோ கலந்திருக்குன்னு ஒரு நல்ல அடையாளம்.

5. ரேகையைப் பதிக்கறது: ரெண்டு சோதனை, ஒண்ணு இல்ல

நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவங்க வழுக்கற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. ரேகையோட வயசைச் சொல்ல ரெண்டு விஷயம் தெரியணும். விகிதம் எங்க ஆரம்பிச்சது? எவ்வளவு வேகத்துல குறைஞ்சது? ரெண்டையும் ஒரே சோதனையில போட்டு குழப்பினா எது எதனால மாறுச்சுன்னு தெரியாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், நம்பர் எல்லாம் கற்பனைதான். டோனர் ஒருத்தருக்கு தொடக்க விகிதம் 20, இன்னொருத்தருக்கு 8. ரெண்டு பேருக்கும் விகிதம் பாதியாக ஆகற நேரம், அதாவது அரைக்காலம், ஒண்ணேதான்னு வச்சுக்கோங்க. இப்ப ஒரு ரேகையில 5 வருது. முதல் ஆளோடதுன்னா ரெண்டு அரைக்காலம் ஓடியிருக்கு. ரெண்டாவது ஆளோடதுன்னா 0.68 அரைக்காலம்தான். அதே 5, ஆனா வயசு மூணு மடங்கு வித்தியாசம். மெஷின் எவ்வளவு துல்லியமா அளந்தாலும் இந்த இடைவெளி சுருங்காது.

வேகத்துக்கான சோதனை இப்படிப் பண்ணுங்க. ஒரு ஸ்லைடு மேல ரெண்டு சதுர கவர் ஸ்லிப்பை இடைவெளி இல்லாம பக்கத்துல பக்கத்துல வைங்க. டோனர் விரலோட நடு சரியா அந்தக் கோட்டு மேல வர்ற மாதிரி பதிக்கட்டும். இடது பாதியை உடனே எக்ஸ்ட்ராக்ட் பண்ணுங்க (சால்வன்ட்ல கரைச்சு எடுங்க), வலது பாதியை வயசாக விடுங்க. ரெண்டு பாதியும் ஒரே விரல், ஒரே தொடுதல், அதனால தொடக்க வித்தியாசம் அடிபட்டுப் போயிடும். பாதி ரெண்டும் அளவுல சமமா இருக்காது, பரவாயில்ல, நமக்கு விகிதம்தான் வேணும். எந்தப் பக்கம் உடனே எடுக்கறோம்ங்கறதை மட்டும் டோனருக்கு டோனர் மாத்திக்கிட்டே போங்க.

தொடக்கத்துக்கான சோதனை தனி. அதே டோனர்கள், பல நாள், பல நேரம், பதிச்ச உடனே எக்ஸ்ட்ராக்ட். வயசாக விடறதே கிடையாது. போர் அடிக்கற வேலைதான், ஆனா ஒருத்தருக்குள்ள எவ்வளவு மாறுது, ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுதுன்னு இதுல மட்டும்தான் தெரியும்.

கீழ ஒரு சமையல் தராசை வச்சு அழுத்தத்தை ஒரே அளவுல வைங்க, தொடற நேரத்தையும் ஸ்டாப் வாட்ச்ல பாருங்க. முகத்தைத் தேய்ச்சிட்டு பதிக்கற ரேகை பார்க்க அழகா வரும், சிக்னல் கொட்டும், ஆனா நிஜத்துல யாரும் முகத்தைத் தேய்ச்சிட்டு திருட மாட்டாங்க. பழகறதுக்கு அதைப் பயன்படுத்துங்க, டேட்டாவுக்கு இயல்பான ரேகைதான். சர்வதேச கைரேகை ஆராய்ச்சிக் குழு 2014-ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் இந்த ரெண்டு வகையையும் பிரிச்சுத்தான் வச்சிருக்காங்க.

6. வயசாக விடறது

பதிச்ச ரேகையை ஜிப் லாக் கவர்ல போட்டு டிராயர்ல வைக்கற பழக்கம் இருக்கு பாருங்க, அதை முதல்ல நிறுத்துங்க. கவருக்குள்ள காத்து மாறாது, ஓசோன் வராது, ஸ்குவாலீன் அப்படியே உட்கார்ந்திருக்கும், கூடவே பிளாஸ்டிசைசரும் ஏறும். கண்ணாடி பெட்ரி டிஷ்ல, மூடியை லேசா தூக்கி வச்சு, தூசி விழாத ஆனா காத்து போய் வர்ற இடத்துல வைங்க.

இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்க. யூவி லைட் இருக்கற லாமினார் ஹூட் வேண்டாம், பழைய ஜெராக்ஸ் மெஷின் பக்கம் வேண்டாம், அயனைசர் வகை ஏர் ப்யூரிஃபையர் ஓடற ரூம் வேண்டாம், இதெல்லாமே ஓசோன் விடக்கூடியது. ஜன்னலோரம் வச்ச ரேகையும் பீரோவுக்குள்ள வச்ச ரேகையும் ஒரே வாரத்துல வேற வேற வயசு காட்டும், அதனால இருட்டு ஒரு செட், வெளிச்சம் ஒரு செட்னு குறைஞ்சது ரெண்டு செட்டாவது வேணும். லாகர் வாங்கச் சொன்னது இதுக்குத்தான், ஏசி ராத்திரி ஆஃப் ஆகற லேப்ல வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

நாள் இடைவெளி 0, 1, 3, 7, 14, 30-னு வைங்க. சமமா அஞ்சு நாளைக்கு ஒரு தடவைன்னு வச்சா மாற்றம் வேகமா நடக்கற முதல் வாரம் கையை விட்டுப் போயிடும்.

பரப்பு கண்ணாடி மட்டும் போதும், ஆரம்பத்துல. பேப்பர் எண்ணெயை உறிஞ்சும், பெயின்ட் அடிச்ச மரம் தன்னோட எண்ணெயையே கலக்கும், அதெல்லாம் தனித்தனி ஆராய்ச்சி.

7. எக்ஸ்ட்ராக்ட் பண்றது

முதல்ல ஃபோட்டோ. எப்பவும் முதல்ல ஃபோட்டோ. சால்வன்ட் பட்டா ரேகைக் கோடு அழிஞ்சிடும், நிஜ கேஸ்ல யாருதுன்னு அடையாளம் காணறதுதான் முதல் உரிமை, வயசு அதுக்கப்புறம்தான்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டை எக்ஸ்ட்ராக்ட் பண்றதுக்கு முன்னாடியே கவர் ஸ்லிப் மேல விடுங்க. கடைசியில வயல்ல விடறவங்க இருக்காங்க, அப்ப நடுவுல எவ்வளவு வழிஞ்சு போச்சுன்னு அந்த ஸ்டாண்டர்டுக்குத் தெரியாது, சேர்த்ததுக்கு அர்த்தமே இல்ல. கவர் ஸ்லிப்பை சின்ன பீக்கர்ல வச்சு 500 மைக்ரோலிட்டர் டைகுளோரோமீத்தேன் ரெண்டு தடவை, சேர்த்து வயல்ல எடுத்து, மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்துல காய வைங்க. சூடு வேண்டாம். காஞ்ச உடனே நிறுத்துங்க, ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனா சின்னக் கொழுப்பு அமிலமெல்லாம் பறந்துடும்.

அடுத்து 1 சதவீதம் டிஎம்சிஎஸ் கலந்த பிஎஸ்டிஎஃப்ஏ, 70 டிகிரியில 30 நிமிஷம். இது மூலக்கூறுல டிஎம்எஸ்ங்கற சிலிக்கான் தொகுதியை ஒட்ட வைக்கற ரீஏஜென்ட். கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் நல்ல பீக்கா வர இது தேவை. ஈரம் இருந்தா இந்த ரியாக்ஷன் கெட்டுடும். கடலோர ஊர் லேப்ல மழைக்காலத்துல வயலைத் திறந்து வச்சிருக்கற நேரம் கூட கணக்குல வரும், ஒரே பொருள் ரெண்டு பீக்கா வந்தா முதல்ல ஈரத்தைச் சந்தேகப்படுங்க.

ஒவ்வொரு செட்லயும் ரேகையே பதியாத கவர் ஸ்லிப் ஒண்ணு பிளாங்கா போகட்டும். அதுல ஸ்குவாலீன் வந்தா அது உங்க விரல்.

8. மெஷின்ல ஓட்டறது

5 சதவீதம் ஃபீனைல் காலம் (column, கலவையைப் பிரிக்கற குழாய்), 30 மீட்டர், ஸ்ப்ளிட்லெஸ்ல (சாம்பிளைப் பிரிக்காம விடற முறை) 1 மைக்ரோலிட்டர், இன்ஜெக்டர் 280 டிகிரி, ஓவன் 80-ல ஆரம்பிச்சு நிமிஷத்துக்கு 10 டிகிரி ஏறி 310-ல பத்து நிமிஷம் நிக்கட்டும். ஸ்குவாலீனை நிறை 69-ல பிடிக்கலாம், அதுக்குப் பின்னாடி வர்ற கொலஸ்ட்ரால் டிஎம்எஸ்ஸை 329, 368, 458-ல பிடிக்கலாம். ஸ்குவாலீனை 69 ஒண்ணை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, நிறைய பொருள் அதைக் கொடுக்கும், ஸ்டாண்டர்ட் ஓட்டி நேரத்தையும் ஒப்பிடுங்க.

ஓட்டற வரிசையில ஒரு பெரிய பொறி இருக்கு. 0-நாள் சாம்பிளை முதல் நாளும் 30-நாள் சாம்பிளை ஒரு மாசம் கழிச்சும் ஓட்டினா, நடுவுல மெஷினோட அயனி சோர்ஸ் அழுக்காகி சென்சிடிவிட்டி இறங்கியிருக்கும், நீங்க அதை ரேகைக்கு வயசாச்சுன்னு எழுதிடுவீங்க. காய வச்ச எக்ஸ்ட்ராக்டை, பிஎஸ்டிஎஃப்ஏ போடறதுக்கு முன்னாடி, நைட்ரஜன் அடிச்சு மூடி, இருட்டுல மைனஸ் 20-ல சேர்த்து வைங்க, கூடவே அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்ட் வயலும் அங்கயே இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரே தொடர்ல, வரிசையைக் குலுக்கிப் போட்டு ஓட்டுங்க. அந்த ஸ்டாண்டர்ட் குறைஞ்சிருந்தா சேமிப்புலயே தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சிடும்.

பழைய ரேகைக்கு இன்னொரு பிடி இருக்கு. ஓலிக் அமிலம் நடுவுல வெட்டுப்பட்டா அசிலாயிக் அமிலம் வரும், அது ஆவியாகாம ரேகையிலயே தங்கும். தாய்ப் பொருள் குறைஞ்சு இது கூடிக்கிட்டே போனா, குறையற விகிதத்தை மட்டும் பார்க்கறதை விட நம்பிக்கையா பேசலாம். அதே வெட்டுல வர்ற நோனனல், ஸ்குவாலீன்ல இருந்து வர்ற அசிட்டோன் எல்லாம் காத்தோட போயிடும், சால்வன்ட்ல அதைத் தேடாதீங்க.

9. பீக்ல இருந்து வயசுக்கு

ஏரியாவை இன்டர்னல் ஸ்டாண்டர்டால வகுத்து, விகிதம் எடுத்து, இயற்கை லாக் போட்டு நாளுக்கு எதிரா வரைங்க. நேர்கோடு வந்தா சந்தோஷம், ஆனா வரணும்னு கட்டாயம் இல்ல, மேல் பரப்பு சீக்கிரம் சிதைஞ்சு உள்ள இருக்கறது தாமதமா சிதையறதால பின்னாடி வளையும். எக்செல்ல கோட்டை இழுத்து 60 நாள், 90 நாள்னு நீட்டாதீங்க, அளந்த நாளோட நிறுத்துங்க.

மாடலை சோதிக்கறப்ப சாம்பிளைக் கண்ணை மூடிப் பிரிச்சு பாதி பயிற்சிக்கு பாதி சோதனைக்குன்னு விடுவாங்க. அப்ப ஒரே டோனரோட ரேகை ரெண்டு பக்கமும் இருக்கும், மாடலுக்கு அந்த ஆளை ஏற்கனவே தெரியும், ரிசல்ட் அமோகமா வரும், புது ஆள் வந்த அன்னைக்கு மொத்தமா சரியும். ஒரு டோனரை முழுசா வெளிய வச்சு மத்தவங்களை வச்சு கத்துக்கிட்டு அவரை சோதிங்க, இப்படி ஒவ்வொருத்தரையும். வர்ற பிழை பெருசா இருக்கும், ஆனா அதுதான் நிஜப் பிழை, அதைத்தான் தீசிஸ்ல போடணும்.

அதுக்கப்புறம் நண்பர் ஒருத்தரை உங்களுக்குத் தெரியாத நாள்ல ரேகை பதிச்சு, தேதியைக் கவர்ல மூடி வைக்கச் சொல்லுங்க. உங்க விடையை எழுதின பிறகுதான் கவரைப் பிரிக்கணும்.

10. எழுதிக் கொடுக்கறது

ஒரு தேதியை எழுதிக் கொடுக்கவே கூடாது. கைரேகை வயசுக்கு எல்லாரும் ஏத்துக்கிட்ட ஸ்டாண்டர்ட் முறை இன்னும் கிடையாது, இன்னொருத்தரோட சுதந்திரம் உங்க ஒரு வரியில தொங்கலாம். முதல் படியில எழுதின ரெண்டு கூற்றையும் மேல போடுங்க, இந்த விகிதம் முதல் கூற்று உண்மையா இருந்தா வர எவ்வளவு வாய்ப்பு, ரெண்டாவது உண்மையா இருந்தா எவ்வளவு, இந்த ரெண்டையும் வகுத்து வர்ற நம்பரைக் கொடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வந்தா "பிரிச்சுச் சொல்ல முடியல"ன்னு எழுதுங்க, அது தோல்வி இல்ல, அதுவும் ஒரு முடிவு.

பரப்பு, வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம் இதெல்லாம் எந்த வரம்புக்குள்ள சோதிச்சீங்களோ அதையும் அதே பக்கத்துல எழுதணும். சம்பவ இடம் தகரக் கூரை கொட்டகையா இருந்து உங்க டேட்டா ஏசி ரூம்ல எடுத்ததா இருந்தா, அந்த ரேகையை இந்த மாடல்ல போடவே கூடாதுன்னு வெளிப்படையா எழுதிடுங்க. எக்ஸ்ட்ராக்ட்ல மிச்சம் இருக்கறது, பிளாங்க் ரன், லாகர் ஃபைல், கோட் நம்பர் நோட்டு எல்லாத்தையும் பத்திரமா வைங்க, எதிர்த்தரப்பு எக்ஸ்பெர்ட் முதல்ல கேட்கப் போறது அந்த பிளாங்கைத்தான்.